எல்லா ஆல்பத்திலும் ஒரு சங்கு

எங்கள் ஊரில் சங்கு என்று சொன்னால் எந்தச் சங்கு என்று யாரும் கேட்பதில்லை. கடலுக்குள் குளித்து எடுத்து வருவது ஒன்று. மில்லில் ஷிப்டு மாறும்போது ஊதுவது ஒன்று. அது வெறும் இரும்புக் குழாய்தான், ஆனாலும் சங்கு. பாடைக்கு முன்னால் ஊதிக்கொண்டு போவது இன்னொன்று. பேச்சு போகிற போக்கிலேயே எது என்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு மதினி "சங்கு ஊதியாச்சு, இன்னும் உலை வைக்கல" என்றால் மில். என் வீட்டுக்காரர் தன் பழைய ஸ்கூட்டரைப் பார்த்து "இதுக்குச் சங்கு ஊதியாச்சு" என்றால் மூன்றாவது. இதில் குழம்புகிறவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நானே குழம்பினேன். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்காக.

எனக்குக் கருப்பட்டி, பனங்கற்கண்டு மொத்த வியாபாரம். உடன்குடிப் பக்கமிருந்து சிப்பம் சிப்பமாக வந்து இறங்கும். கீழே கடை, மேலே ஒரு நீள அறை. அந்த அறையில் சுவரோடு ஒட்டி இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனால் என் ராஜ்ஜியம். எனக்குப் பிடித்தது எலக்ட்ரிக் கிடார் கதறுகிற ராக் ஆல்பங்கள். கருப்பட்டிக் கடைக்காரி கேட்கிற பாட்டா இது என்று தெருவே கேட்டாயிற்று. கருப்பட்டிக் கடைக்காரி எதைக் கேட்க வேண்டும் என்று தெரு முடிவு பண்ண வேண்டாம் என்று நானும் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு உட்கார்ந்து கேட்கிற கூட்டாளிகள் இரண்டு பேரும் அந்தப் பெட்டிகளால் வந்து சேர்ந்தவர்கள். பெட்டியில் ஒன்று பிய்ந்துபோய் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போயிருந்தேன். "பொம்பளையாளுக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதுக்குக்கா, சின்னதா ஒண்ணு வாங்கிக்கிடுங்க" என்று மெக்கானிக் சொல்ல, நான் பிடித்துக்கொண்டேன். அந்தச் சண்டையில் என் பக்கம் பேச இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி சாகுபுரம் கெமிக்கல் பேக்டரியில் இன்ஜினியர். ஆத்தங்கரை வயல்காட்டு ஊர்ப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஜாஸ் பைத்தியம். இன்னொருவர் தருவைகுளத்துக்காரர். சங்கு குளிக்கிறவர். அகலமான நெஞ்சு, அதைவிட அகலமான வாய். அவருக்கு ராப், ரெக்கே இந்த மாதிரித் தாளம் முன்னால் நிற்கிற ஆல்பங்கள்தான் உயிர். "பாஸ் இல்லாத பாட்டு, உப்பில்லாத மீனு" என்பார். அவளை அவர் "இன்ஜினியரு" என்பார். என்னைத் தங்கச்சி என்பார், கோபம் வந்தால் ஏளா.

சட்டம் நான் போட்டது. வாரம் ஒருவர் ஒரு ஆல்பம் கொண்டுவர வேண்டும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, இடையில் எதையும் தள்ளக்கூடாது, பேசக்கூடாது. பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்கிற மாதிரி ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டைக் கேட்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. எல்லாம் ஓடி முடிந்ததும் டீ, மக்ரூன், சண்டை. கொண்டுவந்தவர் வாய்திறக்கக் கூடாது. மற்ற இரண்டு பேரும் முதலில் சொல்ல வேண்டும்.

என்ன சண்டை போட்டிருக்கிறோம்! ஒரு முழு ஆல்பத்தையும் ஒரே தாளத்தில் ஓட்டிய வெளிநாட்டு எலக்ட்ரானிக் ஒன்றை அவள் கொண்டுவந்தாள். "இது என்ன உங்க பேக்டரி மோட்டாரா" என்று அவர் எழுந்தே போய்விட்டார், செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மக்ரூனை எடுத்துக்கொண்டு போனார். மெட்ராஸ் பையன்கள் நாலு பேர் வீட்டு அறையிலேயே பதிவு பண்ணிய ராப் ஆல்பத்தை அவர் கொண்டுவந்தபோது நான் உதட்டைப் பிதுக்கினேன். மறுவாரம் கடையில் கல்லாவில் உட்கார்ந்து அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அப்புறம் அவர் கொஞ்சம் மாறினார். அதை மாற்றம் என்று அப்போது எடுத்துக்கொள்ளவில்லை, வயசாகிறது என்று நினைத்தேன். சண்டை போடுவது குறைந்தது. யார் முறையாக இருந்தாலும் கடைசி ஆளாகப் பேச ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் கடைசிப் பாட்டுதான் உசுரு" என்பார். எந்த ஆல்பத்துக்கும் அதே தீர்ப்பு. இன்ஜினியர் பெண் அதை வைத்து அவரைக் கிண்டல் பண்ணுவாள். அவர் முறை வந்தால் பழைய ஆல்பங்களையே கொண்டுவந்தார், அவர் இளவட்டத்தில் கேசட்டில் தேய்த்த ஆல்பங்கள். புதுசு ஒன்றுமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் விரலைத் தூக்க ஆரம்பித்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். திடீரென்று வலது கை ஆள்காட்டி விரல் மேலே போகும். ஆல்பம் முடிந்ததும், "இதுலயும் சங்கு ஊதுதான், கவனிச்சியளா?" என்பார்.

நாங்கள் சிரிப்போம். மில் சங்கு, வேறென்ன. ஷிப்டு மாறுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது. இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் காதுக்குள் போகும், மண்டைக்குள் போகாது. "அண்ணே, அது வெளிய ஊதுது, பாட்டுக்குள்ள இல்ல" என்பேன். "வெளியவா? பாட்டுக்குள்ளதாம்ளா ஊதுது" என்பார். அத்தோடு பேச்சு மாறிவிடும்.

பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்த வருஷம் அது. வீட்டுப் பொங்கலை முடித்துவிட்டு, தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கலோடு மாடிக்கு வந்தேன். ஊரே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. துறைமுக ரோட்டில் லாரி இல்லை. காகம்கூடக் குறைவாகத்தான் கத்தியது. அன்று இன்ஜினியர் பெண்ணின் முறை. பியானோவும் டிரம்ஸும் நின்றுகொண்டு வாசிக்கிற ஒரு பெரிய வயலினும் மட்டும் உள்ள ஜாஸ் ஆல்பம். வாசிப்பதைவிட வாசிக்காமல் விடுகிற இடம் அதிகம். அப்படி ஒரு இடைவெளியில் அவர் விரல் மேலே போனது. நாங்கள் இரண்டு பேரும் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினோம். நீளமாக, அடித்தொண்டையில், மெல்ல ஏறி மெல்ல இறங்கியது சத்தம்.

அது இறங்கி முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"இன்னைக்கு மில்லு லீவுல்லா" என்றேன்.

பேசக்கூடாது என்ற சட்டத்தை முதன்முதலாக மீறியது சட்டம் போட்ட நானேதான். அவள் என்னைப் பார்த்தாள். கையில் வைத்திருந்த பொங்கல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "கப்பலா இருக்கும்க்கா" என்றாள். கப்பல் ஹாரன் எனக்குத் தெரியாதா, அது அதட்டுகிற சத்தம். இது கூப்பிடுகிற சத்தம். அவள் பாட்டை நிறுத்தி, அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டாள். பியானோ, இடைவெளி, பியானோ. ஹெட்போனில் கேட்டாள். ஒன்றுமில்லை. எனக்கும் மாட்டிவிட்டாள். ஒன்றுமில்லை.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே எழுந்து வந்து ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். "இந்தா இருக்கு" என்றார். நானும் வைத்தேன். பாட்டை அவள் நிறுத்தியே ரொம்ப நேரமாயிற்று. நடுங்கியது பெட்டியா, என் கையா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பொங்கல் யாரும் சாப்பிடவில்லை. அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை. கடையில் எடை போடுகிறபோது, தராசு முள் நிற்கிற அந்த ஒரு நொடியில் எங்கோ தூரத்தில் ஆரம்பிக்கும். "மில்லு ஊதுதா?" என்று எதிர்க் கடை அண்ணாச்சியிடம் கேட்பேன். "இல்லியே தாயி" என்பார். சாகுபுரத்திலிருந்து வருகிற வழியெல்லாம் ஹெட்போனில் பாட்டுக் கேட்டு வந்தவள், அதை விட்டுவிட்டாள். உப்பளம் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கிற இடத்தில், ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்குவதற்குள் அது வந்துவிடுகிறதாம். "பாட்டே இல்லாம வந்தா பரவால்லக்கா. இடைவெளிதான் பயமா இருக்கு" என்றாள்.

எனக்குப் பயம் வேறு மாதிரி. எங்கள் ஆட்களுக்குக் கடைசியில் ஊதுவது சங்கு. யாரும் ஊதாத சங்கு காதில் விழுகிறது என்றால் அது யாருக்கு? இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கேட்டேன், கொஞ்சம் சத்தமாக, அவர் முகத்தைப் பார்த்து. அவர் பெரிதாகச் சிரித்தார். "எங்க ஆளுகளுக்கு மாதா கோயில்ல துக்க மணிதாம் தங்கச்சி அடிக்கும். சங்குல எங்களுக்குச் சாவு கிடையாது, சோறுதான். ஊதட்டும், ஊதுனா சீசன் நல்லா இருக்கும்" என்றார். அவர் சொன்ன சங்கும் நான் கேட்ட சங்கும் வேறு வேறு என்பது அப்போதுதான் புரிந்தது.

அவர் மனைவி கடைக்கு வந்தது அதற்குப் பிறகு. கருப்பட்டி வாங்க வந்தவள் மாதிரிதான் வந்தாள். ஒரு ஓலைக் கொட்டான் எடுத்துக் கட்டச் சொல்லிவிட்டு, கட்டி முடித்த பிறகும் நின்றாள். கடையில் ஆள் குறையட்டும் என்று காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.

"அங்கன உங்ககூட உக்காந்து பாட்டு கேக்காருல்லா, அவருக்கு நெசமாவே காது கேக்கா?" என்றாள்.

அவளே சொன்னாள். வீட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீடு சண்டைக்கு வருகிறது. இதெல்லாம் போகட்டும். போன வாரம் சங்கு குளித்துவிட்டு மேலே வரும்போது பக்கத்து வல்லத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் போன படகில் இருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். மோட்டார் விசிறி தலையை ஒட்டிப் போயிருக்கிறது. "முடியில தட்டிட்டுப் போச்சாம். அதையும் அவரு சொல்லல, கூட வந்தவன் சொல்லுதான்" என்றாள். சொல்லும்போது தன் தலையையே தடவிக்கொண்டாள்.

"டாக்டர்ட்ட காட்ட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டுப் பாத்துட்டேன். காது கேக்காதுன்னு எழுதிட்டா வல்லத்துல ஏத்த மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். நான் வாயத் தொறந்தாலே, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை முழு ஆல்பம் கேக்கேன், செவிடன் பாட்டு கேப்பானா, போய் அந்தக் கருப்பட்டிக் கடைத் தங்கச்சிட்ட கேளுங்காரு. உங்க பாட்டத்தான் சாட்சிக்கு வச்சிருக்காரு."

அவள் போன பிறகு நான் வியாபாரம் பார்க்கவில்லை. கடைசிப் பாட்டுதான் உசுரு. எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தது. புது ஆல்பமே கொண்டுவராதது. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பாட்டு எதுவுமே அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே ஒரு சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது, அது மட்டும்தான் கேட்கிறது. சரி, அவருக்கு அது காது போகிற சத்தம். எனக்கும் அவளுக்கும் கேட்டது என்ன? அந்தக் கேள்வியை அன்று தள்ளி வைத்தேன். முதலில் அந்த மனுஷன் உயிரோடு இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு என் முறை. இன்ஜினியர் பெண்ணிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன். வேண்டாம்க்கா, பாவம் என்றாள். வாயால் சொன்னால் அந்த ஆள் கேட்கிற ஆளா என்றேன். அவர் வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். "அண்ணே, இன்னைக்கு என் வழக்கத்துக்கு மாறா ஒண்ணு. வீணையும் பியானோவும். ரொம்ப மெதுவா இருக்கும், பாஸே கிடையாது" என்று அவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். நான் போனைத் தொட்டேன், பெட்டியின் விளக்கு எரிந்தது. ஆனால் எதையும் ஓடவிடவில்லை.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி சுற்றியது. கீழே கருப்பட்டிச் சிப்பத்தில் எறும்பு ஊர்கிறதுகூடக் கேட்கும் போலிருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். கொஞ்ச நேரத்தில் தலையை மெல்ல ஆட்ட ஆரம்பித்தார். கால் விரலால் தரையில் தட்டினார், இல்லாத தாளத்துக்கு. இன்ஜினியர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது அவர் விரல் மேலே போனது.

அதே நொடியில் அது வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கமா, பெட்டிக்குள்ளா, எனக்குள்ளா, தெரியவில்லை. நீளமாக, மெல்ல ஏறி, மெல்ல இறங்கி. என் கழுத்து தானாகவே ஜன்னல் பக்கம் திரும்பியது. அவள் கழுத்தும் திரும்பியது. வெளியே வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது.

ரொம்ப நேரம் கழித்து, ஆல்பம் முடிகிற அளவுக்கு நேரம் போனதும், பெட்டியை அணைத்தேன். டீயைக் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு நீங்கதாம்ணே முதல்ல சொல்லணும்" என்றேன். அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. டீயை ஒரு மடக்கு குடித்தார்.

"மெதுவா இருந்தாலும் அழுத்தமா இருந்துச்சு. வீணைக்காரன் கை பேசுது" என்றார். "ஆனா என்ன இருந்தாலும் கடைசிப் பாட்டுதான் உசுரு."

இன்ஜினியர் பெண் தேம்பிவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் படிப்பதில் அவர் அதற்குள் ரொம்ப தேறியிருந்தார். டீ டம்ளரைத் தரையில் வைத்தார்.

"பாட்டே போடலியோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கோபப்படுவார், எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவருக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் மனைவி கடைக்கு வந்ததை, மோட்டார் தலையை உரசியதை, இனி எங்கள் பாட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் நான் வந்து உண்மையைச் சொல்லிவிடுவேன் என்பதை, ஒவ்வொரு சொல்லாக அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கேட்டார் என்றால், பார்த்தார்.

"சரி, போறேன். டாக்டர்ட்ட போறேன்" என்றார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர் போல நிமிர்ந்தார். "பாட்டுதான் போடலியே. பெறவு நான் விரலத் தூக்குனப்ப நீங்க ரெண்டு பேரும் எதுக்குளா ஜன்னல் பக்கம் திரும்புனிய?"

இன்ஜினியர் பெண் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

டாக்டர் இனி சங்கு குளிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் அவர் யாரோடும் பேசவில்லை, மனைவியோடுகூட. அப்புறம் வல்லத்தில் வேண்டாம், கரையில் இருக்கிறேன் என்று வந்து நின்றார். இப்போது வருகிற சங்கைத் தரம் பிரித்துப் போடுகிற இடத்தில் இருக்கிறார். காதுக்குப் பின்னால் சின்ன மெஷின். மறுபடி ஞாயிற்றுக்கிழமை வர ஆரம்பித்தார். பழைய மாதிரிச் சண்டை போடுகிறார், புது ஆல்பம் கொண்டுவருகிறார், பாஸ் பத்தவில்லை என்று என் பெட்டியைத் திட்டுகிறார். அவர் மனைவி கடைக்கு வந்தால் இப்போது உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறாள். எனக்கு இதைவிட என்ன வேண்டும்.

மெஷின் போட்ட முதல் வாரமே சொன்னார்: "சங்கு நின்னுட்டு தங்கச்சி. சுத்தமா இல்ல." சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே. இன்ஜினியர் பெண்ணும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

போன வாரம் அவர் கொண்டுவந்தது ஒரு பெண் தனியாகப் பாடிய ரெக்கே ஆல்பம், அவருக்கே புதுசு. நல்ல ஆல்பமாகத்தான் இருந்திருக்கும். நான் ஒவ்வொரு பாட்டு முடிகிற இடத்துக்காகவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பக்கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஓடி முடிந்தது. சட்டப்படி நான் முதலில் சொல்ல வேண்டும். அவர் ஆசையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன், ஒரு வரி, ஒரு ராகம்கூட மனசில் இல்லை.

"நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். "கடைசிப் பாட்டுதான் உசுரு."

அவர் கையிலிருந்த மக்ரூன் வாய்க்குப் போகாமல் நின்றது. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு, என் கண்ணைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"எப்ப இருந்துளா?"